ஐம்பது பேர் நின்றும் ஒருவர்கூட ஏன் கைகொடுப்பதில்லை?

நெடுஞ்சாலையில் பைக்கில் போன ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். சுற்றி ஐம்பது பேராவது நின்றார்கள். நெடுநேரம் ஆம்புலன்ஸைக்கூட யாரும் கூப்பிடவில்லை. சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனியாக இருக்கும்போது நல்லவர்களாக இருக்கிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் கல்லாகிவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதாபிமானம் செத்துவிட்டதா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள்.

செத்துவிடவில்லை. அந்த ஐம்பது பேரில் பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். உதவ வேண்டும் என்று மனதில் தோன்றுவதற்கும், காலை எடுத்து முன்னால் வைப்பதற்கும் நடுவில் சில தடைகள் இருக்கின்றன. கூட்டம் சேரச் சேர அவை கூடுகின்றன. எது தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் தாண்டுவது அவ்வளவு கடினமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதைப் பற்றிய ஆராய்ச்சி ஒரு கொலையிலிருந்து தொடங்கியது. 1964 மார்ச் 13, அதிகாலை மூன்று மணிக்கு மேல். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் என்ற இடத்தில், கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பும்போது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தங்கள் ஜன்னல்களிலிருந்து அந்தக் கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடப் போலீஸுக்குப் போன் செய்யவில்லை என்றது அந்தச் செய்தி. அமெரிக்காவே அதிர்ந்தது. பெருநகர வாழ்க்கை மனிதர்களை மரத்துப்போகச் செய்துவிட்டது என்று பிரசங்கங்களும் தலையங்கங்களும் குவிந்தன.

அந்தச் செய்தி பெருமளவு தவறு. தாக்குதல் மூன்று முறை நடந்ததாகச் சொன்னார்கள். நடந்தது இரண்டு முறை. இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டு வாசலுக்குள் நடந்தது, அதை ஜன்னலிலிருந்து பார்க்கவே முடியாது. முதல் தாக்குதலின்போது ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து "அந்தப் பெண்ணை விடு" என்று கத்தியிருக்கிறார், கொலைகாரன் ஓடியும் இருக்கிறான். போலீஸுக்குப் போன் செய்ததாகச் சில அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அதே கட்டடத்தில் இருந்த ஒரு பெண், கொலைகாரன் இன்னும் அங்கேதான் நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல் இறங்கி ஓடி, ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் செய்ததைப் பற்றி அன்றைய செய்தியில் ஒரு வரி இல்லை. 2016-ல் கொலைகாரன் சிறையில் இறந்தபோது, தங்கள் பழைய செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று நியூயார்க் டைம்ஸே எழுதியது. அரை நூற்றாண்டுக் காலம் பாடப்புத்தகங்களில் ஓடிய கதை அது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. அன்றைக்கு அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணே கிடையாது. அது 1968-ல்தான் வந்தது. எந்தக் காவல் நிலையம், என்ன எண் என்று தேடித்தான் கூப்பிட வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு மனிதர் இருந்தார். கதவைத் திறந்து, படிக்கட்டின் அடியில் தாக்குதல் நடப்பதைப் பார்த்தார். கதவை மூடிக்கொண்டார். ஒரு நண்பருக்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டார். போலீஸைக் கூப்பிட்டபோது நேரம் கடந்திருந்தது. 38 பேர் கதை பொய்யாக இருக்கலாம், இந்த ஒரு மனிதர் உண்மை. அவரைப் போல ஒருவர் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறார் என்பதைத்தான் பிறகு நடந்த சோதனைகள் காட்டின.

ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். இத்தனை பேர் இருந்தும் ஏன் உதவவில்லை என்று ஊரே கேட்டபோது அவர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள்: இத்தனை பேர் இருந்ததனாலேயே உதவாமல் போயிருக்கலாமே? 1968-ல் அவர்கள் வெளியிட்ட சோதனை இது. கல்லூரி மாணவர்களை ஆளுக்கொரு தனி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன், மைக் வழியாக ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னார்கள். ஒரு குரல் தனக்கு வலிப்பு வரும் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் குழறுகிறது, மூச்சுத் திணறுகிறது, உதவி கேட்கிறது. மற்ற குரல்கள் எல்லாம் ஒலிப்பதிவு என்பது மாணவருக்குத் தெரியாது.

தானும் நோயாளியும் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியவர்களில் 62 சதவீதம். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். அதே வயது, அதே கல்லூரி, அதே குரல். மாறியது ஆள் எண்ணிக்கை ஒன்றுதான்.

எனக்கு இந்தச் சோதனையில் முக்கியமாகப் படுவது அந்தச் சதவீதங்கள் இல்லை. எழுந்து போகாதவர்களின் அறைக்குள் ஆய்வாளர் நுழைந்தபோது அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று இவர்கள்தான் முதலில் கேட்டார்கள். உதவ வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அப்படி இருக்க மாட்டார். இவர்கள் முடிவே எடுக்க முடியாமல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அப்புறம், மற்றவர்கள் இருந்ததால்தான் தயங்கினீர்களா என்று கேட்டால், அதெல்லாம் இல்லை என்றே சொன்னார்கள். கூட்டம் நம்மைக் கட்டிப்போடும்போது கட்டிப்போட்டதே நமக்குத் தெரிவதில்லை. "நானாக இருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன்" என்று நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அங்கே நடந்தது பொறுப்பு பங்கு பிரிந்துபோவது. நான் ஒருவன்தான் என்றால் அவர் செத்தால் முழுப் பழியும் என் தலையில். ஐந்து பேர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. வேறு யாராவது இந்நேரம் போன் செய்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். ஐம்பது பேரும் அதையே நினைத்தால் ஒரு போன்கூடப் போகாது. உங்கள் நெடுஞ்சாலைக் காட்சியில் ஆம்புலன்ஸ் கூப்பிடப்படாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சோதனை இன்னும் விநோதமானது. ஒரு அறையில் மாணவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்த் தகவல் சொன்னார்கள். இன்னொரு ஏற்பாட்டில், கூடவே இரண்டு பேரை உட்காரவைத்து, புகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அப்போது பத்துப் பேரில் ஒருவர்தான் எழுந்தார். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, ஏசியிலிருந்து வரும் ஆவி என்று நினைத்தேன் என்கிற மாதிரி காரணங்கள் சொன்னார்கள். தங்கள் உயிருக்கே ஆபத்து இருக்கக்கூடிய இடத்தில்கூட அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் இது ஆபத்தா இல்லையா என்று முடிவுசெய்தார்கள்.

இதைத்தான் நம் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். ஏதோ நடக்கிறது. என்ன என்று தெளிவாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் பதற்றத்தை முகத்தில் காட்டாமல் அடுத்தவரை ஓரக்கண்ணால் பார்க்கிறோம். அடுத்தவரும் அப்படியேதான் நம்மைப் பார்க்கிறார். எல்லா முகமும் அமைதியாக இருப்பதால், பெரிதாக ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் ஒன்றாக முடிவுக்கு வருகிறோம். ரயில் பெட்டியில் ஒரு பெண்ணிடம் ஒருவன் தகராறு செய்யும்போது புருஷன் பெண்டாட்டி சண்டையாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பிக்கொள்வதும் இந்த வகைதான்.

விழுந்து கிடப்பவர் விஷயத்தில் நம் ஊரில் எல்லாவற்றையும் முடித்து வைக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "குடிச்சிட்டு விழுந்து கிடக்கான்." நியூயார்க்கில் ஓடும் சுரங்க ரயிலில் ஒரு சோதனை செய்து 1969-ல் வெளியிட்டார்கள். கைத்தடியோடு வந்தவர் மயங்கி விழுந்தபோது 65 முறையில் 62 முறை யாராவது தாமாக முன்வந்து தூக்கினார்கள். அதே மாதிரி சாராய வாடையோடும் கையில் பாட்டிலோடும் விழுந்தபோது 38 முறையில் 19 முறைதான். நம் நிலைமையில் இது உயிரோடு விளையாடும் விஷயம். சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் தள்ளாடுவார், உளறுவார், வேர்த்துக் கொட்டும், சில சமயம் சண்டைக்கு வருவது போலக்கூடப் பேசுவார். பக்கவாதம் வந்தவருக்கு வாய் கோணி நாக்கு குழறும். சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்தவருக்கும் பேச்சு தடுமாறும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் குடிபோதை மாதிரிதான் தெரியும். உண்மையிலேயே குடித்திருந்தாலும், மல்லாந்து கிடந்து வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அந்த மனிதர் செத்துப்போவார். பக்கத்தில் போய்த் தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் இல்லையென்றால் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அவசரமும் ஒரு காரணம்தான். 1973-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைச் சொற்பொழிவு ஆற்ற அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் காப்பாற்றியவரைப் பற்றி பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று விசாரித்தார்கள். ஏற்கனவே தாமதம், ஓடு என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப்போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் ஓடுகிற கூட்டத்தைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

முதலுதவி வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் நான் நீண்டகாலமாகக் கவனித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கூட்டம் சும்மா நிற்பதில்லை. ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து நோயாளியின் கையில் திணிப்பார். பூக்கடை அக்கா கத்தரிக்கோலை நீட்டுவார். கண்டக்டர் பஸ்ஸிலிருந்து இரும்புக் கம்பியோடு இறங்கி வருவார். நான்கு பேர் கையைக் காலைப் பிடிப்பார்கள். மருத்துவ ரீதியாக இரும்பால் ஒரு பயனும் கிடையாது. கை காலை அமுக்கிப் பிடிப்பதும், வாயில் எதையாவது வைப்பதும் ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, காற்று வர விட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எத்தனை பேர் உதவ ஓடிவருகிறார்கள் பாருங்கள்! நியூயார்க் மாணவர்கள் வலிப்புக் குரலைக் கேட்டு உறைந்து உட்கார்ந்திருந்தார்கள். நம் பஸ் ஸ்டாண்டில் அதே வலிப்புக்குப் பத்துக் கைகள் நீள்கின்றன.

வித்தியாசம் எங்கே வருகிறது? வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் "தெரியும்". அது தவறான வைத்தியம் என்பது வேறு விஷயம். செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது, அது நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தால் அதே கூட்டம் அசைகிறது. தலையில் அடிபட்டு ரத்தம் வழியக் கிடப்பவர் முன்னால் நிற்கும்போது அந்த நம்பிக்கை இல்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ, தண்ணீர் கொடுக்கலாமா, ஹெல்மெட்டைக் கழற்றலாமா, ஒன்றும் தெரியாது. அதனால் நிற்கிறார்கள். என் வகுப்பில் உட்கார்ந்த ஆட்டோக்காரர்களிடம் நான் மனிதாபிமானம் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது அவர்களிடம் என்னைவிட அதிகமாகவே இருக்கிறது. ரத்தம் வரும் இடத்தைத் துணி வைத்து எப்படி அழுத்துவது என்பதை மட்டும் கையால் செய்ய வைக்கிறேன்.

இனி நம் சாலைகளுக்கே உரிய தடைக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இங்கே பெரியது பயம். அடிபட்டவரைப் பார்த்து வரும் பயமில்லை, போலீஸையும் ஆஸ்பத்திரியையும் கோர்ட்டையும் பற்றிய பயம். "தூக்கிட்டுப் போனா நீதான் இடிச்சியான்னு கேப்பாங்க சார்", "சாட்சிக்கு வா வான்னு அலைய விடுவாங்க" என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறேன். இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமானந்த் கட்டாரா வழக்கு எப்படி வந்தது தெரியுமா? கார் மோதி விழுந்த ஸ்கூட்டர்காரரை ஒருவர் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இது போலீஸ் கேஸ், நாங்கள் பார்க்க முடியாது என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அவர் இறந்துபோனார். உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, போலீஸ் நடைமுறை எல்லாம் அப்புறம், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் அன்றே சொல்லிவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. சேவ்லைஃப் என்ற அறக்கட்டளை 2013-ல் நடத்திய கருத்துக்கணிப்பில் 74 சதவீதம் பேர் அடிபட்டவருக்கு உதவ முன்வரமாட்டோம் என்ற பக்கமே நின்றார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணையும் சட்டச் சிக்கலும்.

இதில் நாம் மட்டும் தனி இல்லை. 2011 அக்டோபரில் சீனாவின் ஃபோஷான் நகரில் வேன் ஏறி நசுங்கிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையைத் தாண்டிப் பதினெட்டுப் பேர் போனார்கள். குப்பை பொறுக்கும் ஒரு பெண்தான் கடைசியில் தூக்கினார். குழந்தை பிழைக்கவில்லை. அந்த நாடே அழுதது. அங்கேயும் மக்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, உதவப் போனவர்மீதே வழக்கு வந்து நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும் என்ற பயம். 2017-ல் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் பிரிவைச் சீனா தன் சிவில் சட்டத்தில் சேர்த்தது.

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. விபத்து நடந்ததும் கூட்டத்தின் வேகம் முழுவதும் டிரைவரைப் பிடிப்பதிலும் அடிப்பதிலும் போய்விடும். நியாயம் கேட்கிறோம் என்ற எண்ணம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அடிபட்டவர் தரையில் ரத்தம் வழியக் கிடக்கிறார். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, இறந்தவர்கள் 17,884 பேர். அவர்களில் பலருக்கு அந்த முதல் ஒரு மணி நேரம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருந்திருக்கும்.

சரி, கூட்டம் என்றாலே இப்படித்தானா? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை நகருக்குள் கொண்டுவந்து, முன்பின் தெரியாதவர்களை மாடியிலிருந்து இறக்கினார்கள். 2018-ல் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் இதையேதான் செய்தார்கள். அங்கே மேலே சொன்ன தடைகள் ஒன்றுமே இல்லை. ஆபத்தா இல்லையா என்ற குழப்பம் இல்லை. போலீஸ் பயம் இல்லை. படகு ஓட்டுவது கைவந்த வேலை. முக்கியமாக, தண்ணீர் எல்லோருக்கும் பொது; மூழ்குகிறவர் நம்மில் ஒருவர்.

இந்த நம்மில் ஒருவர் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2005-ல் வெளிவந்த ஒரு இங்கிலாந்து ஆய்வில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நடந்து போகும் வழியில் ஓடிவந்த ஒருவர் தடுக்கி விழுகிறார். அவர் போட்டிருப்பது மான்செஸ்டர் சட்டை என்றால் பெரும்பாலானவர்கள் உதவினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் சிலர்தான். இன்னொரு முறை அதே போன்ற ரசிகர்களிடம், கால்பந்தை நேசிப்பவர்கள் எல்லோரையும் பற்றி முதலில் எழுதச் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் கை நீண்டது. ஆனால் எந்த அணிச் சட்டையும் போடாதவரைப் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. சாதியும் மதமும் பேச்சுவழக்கும் உடுப்பும் பார்த்து "நம்ம ஆள்" என்று கோடு போடும் நம் நாட்டில், யார் விழுந்தால் கூட்டம் ஓடுகிறது, யார் விழுந்தால் நிற்கிறது என்பதை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த ஆய்வு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

ஆய்வுக்கூடச் சோதனைகளை மட்டும் வைத்துக் கூட்டத்தை முழுதாகக் கைவிடவும் கூடாது. 2019-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் தெருச் சண்டைகள் பதிவான 219 கண்காணிப்பு கேமரா காட்சிகளை உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது இடையில் புகுந்து விலக்கியிருக்கிறார். சுற்றி ஆட்கள் அதிகமாக இருந்தபோது யாராவது ஒருவர் தலையிடும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. தனித்தனியாக ஒவ்வொருவரும் தயங்கலாம், ஆனால் நிறையப் பேர் இருந்தால் தயங்காத ஒருவர் அதில் இருப்பார். அந்த ஒருவர் அசைந்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள்.

2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பதிலை எழுத முடியாது. அரிவாளோடு நின்றவனைத் தடுக்கவில்லை என்று அன்று அங்கிருந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆயுதத்தின் முன்னால் வெறுங்கையோடு போகச் சொல்வது சரியான அறிவுரையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த உடல் அங்கேயே கிடந்தது. அவ்வளவு பரபரப்பான நிலையத்தில் ஒரு கண்காணிப்பு கேமராகூட இல்லை. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. அங்கே தவறியவர்கள் பயணிகள் மட்டுமில்லை. நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர்கள் பலர் இருந்தும், இது யார் வேலை என்ற கேள்வியில் பொறுப்பு சிதறியது. தெருவில் நிற்கும் ஐம்பது பேரிடம் நடப்பதுதான் அலுவலகங்களிலும் நடக்கிறது.

இனி நீங்கள் அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வது என்று சொல்கிறேன். "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். யாராவது என்றால் யாரும் இல்லை. ஒருவரை நேராகப் பார்த்து, விரலால் சுட்டி, "நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்க 108-க்கு போன் பண்ணுங்க, பண்ணிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்லுங்கள். இன்னொருவரிடம், "அண்ணே, வண்டிகள் மேல ஏறாம அந்தப் பக்கம் நிறுத்துங்க." ஒரு அக்காவிடம், "துப்பட்டா குடுங்கக்கா, ரத்தத்தை அழுத்தணும்." பெயர் தெரியாவிட்டாலும் சட்டை நிறம் போதும். பொறுப்பு ஒருவர் கைக்குப் போய்விட்டால் அவர் மறுக்க மாட்டார். நீங்களே அடிபட்டுக் கிடந்து நினைவு இருந்தாலும் இதையே செய்யுங்கள்: ஒருவர் கண்ணைப் பார்த்து, என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்கு நெஞ்சு வலிக்குது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கேட்டுவிட்டால் என்ன நடக்கிறது என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால் ஆளுக்கொரு கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். மூச்சு இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றக் கூடாது. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாகச் சட்டம். இதை வீட்டிலும் சொல்லி வையுங்கள். 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு விதிகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது, 2020-ல் அதற்கான விதிகள் வந்தன. நல்லெண்ணத்தோடு உதவும்போது அடிபட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் உங்கள்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி, போன் நம்பர் சொல்லச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்ல நீங்களாக ஒப்புக்கொண்டால், உங்களுக்கு வசதியான நேரத்தில், உங்கள் வீட்டிலோ வேலை இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உங்களைப் பிடித்து வைக்கவோ உங்களிடம் பணம் கேட்கவோ கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. அதனால் பணம் யார் கட்டுவது என்ற பயமும் வேண்டாம். அடிபட்டவரை உடனடியாகக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்து, பிறகு அதை 25,000 ஆக உயர்த்தியது. அது வேண்டுமென்றால் விவரம் கொடுங்கள். வேண்டாமென்றால், அவரை எங்கே, எந்த நிலையில் பார்த்தீர்கள், வழியில் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பலாம்.